இரண்டு இருக்கை வண்டியும் என் மேடை ஓய்வும்

ஓய்வு பெற்றவர் என்றால் நரை வேண்டும், ஓய்வூதியம் வேண்டும், மூட்டுவலி வேண்டும். இவற்றுள் ஒன்றும் இல்லாமல் முப்பத்து மூன்று வயதில் பட்டிமன்ற மேடையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். நான் படித்த கல்லூரியின் பேச்சு மன்றத்து இளவல்கள் ஆண்டு மலருக்கு என் மேடை அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். ஒரு நிமிடக் காணொளியில் கையை ஆட்டிவிட்டால் பேச்சாளர் என்ற பட்டம் கிடைத்துவிடும் காலம் இது. முழு நீளப் பேச்சின் நுணுக்கங்களை யாரேனும் பதிந்து வைக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. அவர்கள் எதிர்பார்ப்பது கைதட்டல் வாங்கும் கலை. நான் எழுதப்போவது மெக்கானிக் தேடிய வரலாறு. தலைப்பை விட்டு விலகுகிறேன் என்று எவரும் மணி அடிக்க வேண்டாம். என் மேடை வாழ்வின் மிகக் கடினமான வழக்கு ஒரு கார் ஷெட்டில்தான் நடந்தது.

பயிற்சிக் காலத்தைச் சுருக்கிவிடுகிறேன். பள்ளியில் பரிசு, கல்லூரியில் சுழற்கோப்பை. காலையில் ஒரு போட்டியில் கூட்டுக் குடும்பமே சிறந்தது என்றும், மாலையில் வேறொரு போட்டியில் தனிக்குடித்தனமே சிறந்தது என்றும் பேசி, இரண்டிலும் முதல் பரிசு பெற்ற நாளில் நான் தொழிலுக்குத் தயார் என்பதை உணர்ந்தேன்.

என்னைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டவரை நடுவர் ஐயா என்றே எல்லாரும் அழைத்தோம். அவருடைய பாணி தனி. யாருக்கும் எதையும் அவர் இல்லை என்று சொன்னதில்லை. ஆமாம் என்றும் சொன்னதில்லை. "சிந்திப்போம்" என்பார்; கண்ணை மூடுவார்; கேட்டவர், கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியோடு வெளியேறுவார். தமக்குப் போர்த்தப்படும் பொன்னாடையை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொள்வார். பேச்சு அவருக்குப் பிடித்தால் அதைத் தடவுவார், பிடிக்காவிட்டால் பிரித்து மறுபடியும் மடிப்பார். மடிப்பு பிரிவதைப் பார்த்ததும் நாங்கள் முடிவுரைக்குத் தாவிவிடுவோம். தீர்ப்புரையில் தோற்கப்போகும் அணியை அவர் புகழும் புகழ்ச்சியைக் கேட்டு, அவ்வணியினர் தாங்களே வென்றதாக எண்ணி வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்ன சம்பவங்கள் உண்டு.

தீர்ப்பு மேடையில் பிறக்கிறது என்று நம்பும் அவையோர் என்னை மன்னிக்க வேண்டும். அது வேனில் பிறக்கிறது. விழாக் குழுவினர் அனுப்பும் வேனில் நடுவர் ஐயா முதல் வரிசையில் சன்னலோரம் அமர்வார். அவர் பக்கத்து இருக்கைதான் எங்கள் தொழிலின் உச்ச பதவி. எந்த அணி வெல்ல வேண்டும், எந்தப் பேச்சாளரை அடுத்த ஊருக்கு அழைக்க வேண்டும், எவருக்கு முதல் பேச்சு என்பதெல்லாம் அந்த இருக்கையோடு கலந்து பேசித்தான் முடிவாகும். அதைப் பல ஆண்டுகளாகக் கைப்பற்றி வைத்திருந்தவர் குமரவேல். வங்கி ஊழியர்; சுமாரான பேச்சாளர். ஆனால் ஐயாவின் தொண்டைக்கு வெந்நீர் நிரப்பிய பிளாஸ்க் எப்போதும் அவர் கையில் இருக்கும். நான் சிலேடையும் அடுக்குமொழியுமாக உழைத்து, கடைசி வரிசையில், பின் சக்கரத்துக்கு நேர் மேலே, விழாக்களில் கொடுத்த கேடயங்களோடு குலுங்கிக்கொண்டிருந்தேன்.

இந்நிலையில் ஐயாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை என்று முடிவாயிற்று. சித்திரையிலிருந்து ஒரு விழாப் பருவம் முழுவதும் அவரால் பயணம் செய்ய இயலாது. நடுவர் நாற்காலியில் யாரை அமர்த்துவது என்பதைச் சோழவந்தான் கோயில் விழா மேடையில் அறிவிப்பதாகச் சொன்னார். மேடையில் அறிவிப்பார் என்றால் வழியில் முடிவெடுப்பார் என்று பொருள். அந்த நாற்காலிக்கு என்னைவிடத் தகுதியானவர் குழுவில் எவரும் இல்லை. இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. அப்போது நான் கேட்ட அத்தனை பேரும் ஒப்புக்கொண்ட செய்தி.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் கோயம்புத்தூரில், ஒரு நூற்பாலை அதிபரின் மகன் ஓட்டிச் சலித்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நான் வாங்கியிருந்தேன். அழகுக்காக வாங்கினேன் என்று ஊர் நினைத்தது. வேகத்துக்காக என்று நண்பர்கள் நினைத்தார்கள். அந்த வண்டியின் தலையாய சிறப்பு வேறு: அதில் இரண்டே இருக்கைகள். நடுவர் ஐயா ஏறிவிட்டால், பிளாஸ்குக்குக்கூட இடம் கிடையாது. செக்கானூரணிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ரெண்டு பேரு ஒக்கார இம்புட்டு நீளமாடா" என்று மட்டும் கேட்டார். அரசியல் நுட்பத்தை அவருக்கு விளக்க எனக்கு நேரமில்லை.

ஐயாவை அழைத்தேன். சிந்திப்போம் என்றார். இரண்டாம் முறை அழைத்தபோது, அந்த வண்டியின் படத்தைக் காட்டினேன். அறுபதைக் கடந்த அந்த முகத்தில் ஒரு கல்லூரி மாணவன் எட்டிப் பார்த்தான். "சோழவந்தானுக்கு உங்கள் வண்டியிலேயே வருகிறேன், தம்பி. வண்டி நம்பகமானதுதானே?" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் நேரடியான ஒப்புதல் அது. நம்பகத்தின் மறுபெயர் என் வண்டி என்றேன்.

அந்த வாரத்தில்தான் வண்டி சத்தம் போடத் தொடங்கியது.

வேகம் குறைக்கும்போது முன்பக்கத்திலிருந்து ஓர் ஓசை வரும். சில வேளைகளில் பிரேக்கை மிதித்தால் கால் சற்றுக் கூடுதலாக உள்ளே போவது போலவும் தோன்றும். கம்பெனி சர்வீஸுக்குக் கோயம்புத்தூர் போக வேண்டும். போனால் வண்டி திரும்பி வர ஒரு பருவம் ஆகும் என்றார்கள். எனவே மதுரையிலேயே, கம்பெனி சாராத, நம்பத் தகுந்த மெக்கானிக் ஒருவரைத் தேடிப் புறப்பட்டேன். இளவல்களே, இரண்டாம் கையாக ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவன் மெக்கானிக் தேடுவது, பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை தேடுவது போன்றது அன்று. மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்தால் நாலு பேராவது நல்லது சொல்வார்கள்.

முதலில் காளவாசலில் ஒரு கடை. கண்ணாடி அறை, குளிர்சாதனம், கணினியோடு இணைத்த ஸ்கேனர், அதை இயக்கும் பிரபு என்னும் இளைஞர். அவர் பானெட்டைத் திறந்து, நெஞ்சில் கை வைத்து ஒரு நிமிடம் நின்றார். பிறகு கேட்டார்: "யாருண்ணே இதுல கை வச்சது?" அடுத்து பைபாஸ் சாலையில், வெளிநாட்டு வண்டி மட்டுமே பார்ப்பேன் என்று பெயர்ப்பலகை வைத்த பெரியவர். அவரும் பானெட்டைத் திறந்தார், அதே அமைதி, அதே கேள்வி. அதன் பிறகு ஏறி இறங்கிய எல்லாக் கடைகளிலும் அதுவே முதல் வாக்கியம். எனக்கு மெய்சிலிர்த்தது. எங்கள் தொழிலின் முதல் பாடமே முன்பு பேசியவரை மறுப்பதுதான். சொந்தக் கருத்து பிறகு வந்தால் போதும், வராவிட்டாலும் குற்றமில்லை. பட்டறைக்காரர்கள் எங்களிடம் கற்றார்களா, எங்கள் முன்னோர் பட்டறையில் கற்றார்களா என்பது ஆய்வுக்குரியது.

நம்பகத்தைச் சோதிக்க ஒரு முறை வகுத்தேன். ஒரு கடையில் கோளாறு என்ஜினில்தான் என்று அழுத்தமாகச் சொன்னேன். சந்தேகமே இல்லை என்றார்கள். வேறொரு கடையில் கியர்பாக்ஸில்தான் என்றேன். அதைத்தான் சொல்ல வந்தோம் என்றார்கள். மூன்றாவது கடையில் கோளாறே இல்லை, என் பிரமை என்றேன். பிரமைக்கும் ஒரு ஆயில் மாற்ற வேண்டும் என்றார்கள். இத்தகைய அவை கிடைத்தால் எந்தப் பேச்சாளனும் மகிழ்வான். எனக்கு அச்சமாக இருந்தது.

அந்த ஓசையை நான் அவர்களுக்கு எப்படி விளக்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். வெறுமனே சத்தம் வருகிறது என்று சொல்ல நான் என்ன சாதாரண வாடிக்கையாளனா? காளவாசலில், தூரத்துத் தெருவில் உறுமி வாசிப்பது போல என்றேன். கேட்டவர்கள் கண் கலங்காத குறை. முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். பைபாஸ் சாலையில், வயதான ஒருவர் இருமலை அடக்குவது போல என்றேன். என்ஜினில் பெட்ரோல் பாய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினார்கள். பிறிதோர் இடத்தில், கோபித்துக்கொண்ட மனைவி பாத்திரம் வைப்பது போல என்று சொன்னதும் பட்டறையே சிரித்தது. அதே உற்சாகத்தில் என்ஜினைத் தாங்கும் மவுண்டிங்கை மாற்றினார்கள். என் உவமைக்கு ஏற்றபடி வண்டியில் ஒவ்வோர் உறுப்பும் புதிதாயிற்று. ஓசை மட்டும் பழையபடியே இருந்தது. ஒருவராவது அந்த ஓசையைத் தம் காதால் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையை நான் வைக்கவில்லை. அந்த உவமைகளில் எதுவும் தரம் தாழ்ந்ததன்று என்பதே இன்றளவும் என் கருத்து.

மறுபடியும் காளவாசலுக்கே போனபோது பிரபு ஸ்கேனரை மூடி வைத்துவிட்டு, வில்லாபுரத்தில் துளசிராம் என்று ஒருவர் இருக்கிறார், அவரிடம் போங்கள் என்றார். "ஆனா ஒண்ணுண்ணே. அவருக்கு வண்டியத்தான் பிடிக்கும். மனுசங்களப் பிடிக்காது."

துளசிராமின் ஷெட் அவர் வீட்டின் பின்பக்கம். நெசவும் சாயமுமாக வாழ்ந்த சௌராஷ்டிரக் குடும்பம். இவர் மட்டும் இரும்புக்கு வந்துவிட்டார். அவரைப் பற்றி உயர்வாக எதுவும் சொல்லிவிட வேண்டாம் என்று எச்சரிக்கையாகவே எழுதுகிறேன். தொலைபேசியை எடுக்க மாட்டார். வந்தவரை உட்காரச் சொல்ல மாட்டார். உள்ளே நின்ற ஒரு வண்டியின் மீது முருங்கைக் கொடி படர்ந்திருந்தது என்று சொன்னால் மிகை, முருங்கை கொடியன்று. ஆனால் பூ உதிர்ந்து காய்ந்து கிடந்தது உண்மை. தம் வேலையைப் பற்றி அவருக்கிருந்த செருக்கின் அளவைப் பார்த்தபோது, மேடைக்கு வந்திருந்தால் எனக்குப் போட்டியாக இருந்திருப்பார் என்று தோன்றியது.

நான் நோயின் வரலாற்றைத் தொடங்கினேன். மேசை மின்விசிறியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டார். உறுமியைக் கடந்து இருமலுக்கு வந்தபோது கையை உயர்த்தினார்.

"பேசி முடிச்சாச்சா சார்?"

முன்னுரை முடிந்தது என்றேன்.

"வாங்க, ஓட்டிப் பாப்போம். மிச்சத்த எறங்குனதுக்கு அப்புறம் சொல்லுங்க. வண்டிக்குள்ள பேசக் கூடாது."

என் வண்டியில், என் பக்கத்து இருக்கையில் ஏறி அமர்ந்து, என்னையே வாய் மூடச் சொன்ன முதல் மனிதர். அவனியாபுரம் தாண்டி ரிங் ரோடு வரை போனோம். நிறுத்தச் சொன்னார், கிளம்பச் சொன்னார், வேகமாகப் போய் நிறுத்தச் சொன்னார். மற்றபடி ஒரு சொல் இல்லை. ஓசை வரும்போதெல்லாம் என் நாவில் புதுப்புது உவமைகள் வந்து நின்று, இடமின்றித் திரும்பின. ஷெட்டுக்குத் திரும்பியதும் அவர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். பிறகு செய்த காரியம்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. யார் கை வைத்தது என்று என்னைக் கேட்காமல், கை வைத்தவரையே தொலைபேசியில் அழைத்தார். "பிரபு, இதுல என்னென்ன கழட்டுன, எதக் கழட்டல, அத மட்டும் சொல்லு" என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நல்லா இருப்பா என்று வைத்துவிட்டார். முன்பு பேசியவரை மறுக்காத ஒருவரை என் தொழில் வாழ்வில் அன்றுதான் பார்த்தேன். இவருக்கு ஏதோ குறைபாடு என்றே முதலில் நினைத்தேன்.

கோளாறு பிரேக்கில் இருந்தது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் காலிப்பர் தேய்ந்து ஆடுகிறது, அதனால் ஓசை. அதற்கு எண்ணெய் கொண்டுபோகும் ரப்பர்க் குழாய் உப்பிப்போய்விட்டது. அதனால் கால் உள்ளே போகிறது. சாமான் சென்னையிலிருந்து வர வேண்டும். வந்ததும் மாட்டித் தருகிறேன், வண்டி இங்கேயே இருக்கட்டும் என்றார். சோழவந்தான் நிகழ்ச்சிக்கு நாள் இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நிகழ்ச்சி நாளும் வந்தது. சென்னைப் பார்சல் வரவில்லை. காலையில் வில்லாபுரம் போய்ச் சாவியைக் கேட்டேன். தர முடியாது என்றார் துளசிராம்.

என் வாழ்நாளில் நான் ஆற்றிய உரைகளுள் தலைசிறந்தது அந்த ஷெட்டில் ஆற்றியதுதான். சோழவந்தான் கூப்பிடு தூரம் என்றேன். ஏற்றமோ இறக்கமோ இல்லாத சமவெளிச் சாலை என்றேன். மாட்டு வண்டியை முந்தாமல் போவதாக உறுதியளித்தேன். இத்தனை நாள் இதே பிரேக்கோடு ஓட்டியவனுக்கு இன்று ஒரு நாள் என்ன ஆகிவிடும் என்று கேட்டேன். வண்டி என்னுடையது, உயிரும் என்னுடையது என்றேன். அந்த மாலையில் ஒரு நாற்காலி முடிவாகப்போகிறது, இந்தச் சாவி இல்லாவிட்டால் பத்தாண்டு உழைப்பு ஒரு வெந்நீர் பிளாஸ்கிடம் தோற்றுவிடும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னேன். துளசிராமின் மனைவி சரோஜா அக்கா காபித் தம்ளரோடு வந்தவர், வைக்க மறந்து நின்று கேட்டார். பிறகு கணவரிடம் தங்கள் மொழியில் ஏதோ சொல்லி, எனக்கும் புரியட்டும் என்று தமிழிலும் சொன்னார்: "அவுக சொல்றது ஞாயமாத்தானங்க இருக்கு?"

"ஞாயந்தான். நான் எங்க இல்லைன்னேன்?" என்றார் துளசிராம்.

வென்றுவிட்டேன். கையை நீட்டினேன். "அப்படியானால் சாவி?"

"நீங்க சொல்றது அம்புட்டும் ஞாயந்தான் சார். அத பிரேக் கேக்காதுல்ல."

போலீசைக் கூட்டி வருவேன் என்றேன். தாராளமா கூட்டிட்டு வாங்க, அவருக்கும் சேத்து வீட்ல காபி சொல்லுறேன் என்றார். வாதத்தில் தோற்ற ஒருவர், தோற்றதை ஒப்புக்கொண்ட பிறகும், துளியும் அசையாமல் நிற்கக் கூடும் என்பதற்கு என் பயிற்சியில் விடை இல்லை. சாவியில்லாமல் தெருவுக்கு வந்தேன்.

நடுவர் ஐயாவுக்குத் தொலைபேசியில் செய்தியைச் சொன்னேன். வேறு வண்டி ஏற்பாடு செய்கிறேன் என்றும் சொன்னேன். "அப்படியா. நல்லது" என்றார். சிந்திப்போம் என்று சொல்லவில்லை. அதிலேயே எனக்குப் பாதி புரிந்துவிட்டது. வேன் ஏற்கெனவே அவர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டிருந்தது; பின்னணியில் குமரவேல் வேனின் கதவைத் திறக்கும் ஓசை கேட்டது. நான் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, வெற்றிலைக் கூடைகளோடு திரும்பிக்கொண்டிருந்த வியாபாரிகளிடையே நின்றபடி சோழவந்தான் போய்ச் சேர்ந்தேன்.

அன்றைய தலைப்பு, வாழ்வுக்கு இனிமை சேர்ப்பது பேச்சா, மௌனமா என்பது. நான் பேச்சின் அணி. முறைப்படி சொல்லிவிடுகிறேன்: கோயில் திடல் அதிர்ந்தது, ஐயா தம் மடியிலிருந்த பொன்னாடையைத் தடவிக்கொண்டே இருந்தார், தீர்ப்பு எங்கள் அணிக்கு. என் வாதங்களைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அதே மூச்சில், வரும் பருவம் முழுவதும் தம் நாற்காலியில் குமரவேல் அமர்வார் என்று அறிவித்தார். மேடைக்குப் பின்னால் போய்க் காரணம் கேட்டேன்.

"வாதத்தில் உங்களை வெல்ல ஆள் கிடையாது, தம்பி" என்றார் ஐயா. "ஆனால் நாற்காலிக்கு நம்பகம் வேண்டும். சொன்ன வண்டியில் வராதவர் சொன்ன தீர்ப்பை வழங்குவார் என்று நான் எப்படி நம்ப முடியும்?"

குமரவேல் பக்கத்தில் நின்று பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தார். "மாப்ள, தொண்ட கட்டிருக்கே. வெந்நி தரவா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். அதுதான் தாங்கவில்லை.

பார்சல் வந்துவிட்டதாகச் சரோஜா அக்கா சொல்லியனுப்பிய அன்று வில்லாபுரம் போனேன். என்னிடம் இரண்டு உரைகள் தயாராக இருந்தன. ஒன்று வசை, மற்றொன்று, உயிர் காத்த உத்தமருக்கு நன்றியுரை. எதை ஆற்றுவது என்பதை அவருடைய ஒரே ஒரு பதிலைக் கேட்டு முடிவு செய்யலாம் என்றிருந்தேன். துளசிராம் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். அன்று நான் வண்டியைக் கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். உள்ளபடி சொன்னால், பெரிதாக ஏதாவது ஆகியிருக்கும் என்று அவர் சொல்ல வேண்டும் என ஏங்கினேன். நாற்காலியை இழந்ததற்கு ஒரு விபத்தாவது ஈடாகக் கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

அவர் ஸ்பேனரை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"ஒண்ணும் ஆகாமயும் இருந்திருக்கலாம் சார்."

நான் மறுபடியும் கேட்டேன். வைகைப் பாலத்தில், பக்கத்தில் நடுவர் ஐயா இருக்க, எதிரே ஒரு லாரி வர, கால் உள்ளே போயிருந்தால் என்று காட்சியைச் சற்று விரித்தும் கொடுத்தேன்.

"போயிட்டு பத்திரமா வந்திருக்கவும் செய்யலாம். தெரியாதுல்ல. தெரியாததுனாலதான் குடுக்கல" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அந்த இடத்தில் நானோ, குமரவேலோ, நடுவர் ஐயாவோ இருந்திருந்தால் இரண்டு உயிர்களைக் காப்பாற்றியிருப்போம். லாரிக்கு நிறமும் கொடுத்திருப்போம். கைக்கு எட்டிய இப்படியொரு புகழை, கேட்பவனே தட்டில் வைத்து நீட்டிய பிறகும், எட்டி எடுக்காத ஒருவரை நான் மேடையில் கண்டதில்லை. இரண்டு உரைகளும் பயனற்றுப் போயின. நம்பத் தகுந்த மெக்கானிக் கிடைத்துவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது. மகிழ்ச்சியாக இருந்தது என்று சொல்ல முடியாது.

"சும்மா நிக்காம உள்ள ஒக்காந்து பெடல மிதிங்க" என்றார் அடியிலிருந்து. புதுக் குழாயில் அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே மிதிக்க, ஒருவர் கீழே நட்டைத் திறந்து மூட வேண்டும். அமர்ந்தேன். அந்நேரம் நடுவர் ஐயாவிடமிருந்து அழைப்பு வந்தது. புதிய பருவத்தின் முதல் நிகழ்ச்சி, குமரவேல் தலைமையில். எந்த அணி வேண்டும் என்று என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். பத்தாண்டில் ஒருவருக்கும் அவர் தராத சலுகை.

"மிதிச்சுப் பிடிங்க" என்றது கீழிருந்து வந்த குரல். பிடித்தேன்.

நான் வரவில்லை என்றேன் ஐயாவிடம். இந்த நிகழ்ச்சிக்கா என்று கேட்டார். இனி எதற்குமே என்றேன்.

"விடுங்க. மறுபடி மிதிங்க."

ஐயா காரணம் கேட்டார். என்னிடம் காரணங்கள் இருந்தன. வரிசைப்படுத்தினால் அரை மணி நேரம் வந்திருக்கும், ஐயா ஒப்புக்கொண்டும் இருப்பார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சிந்திப்போம் என்று ஐயா வைத்துவிட்டார்.

"இப்ப எப்டி இருக்கு?" என்று கேட்டார் துளசிராம்.

காலின் கீழே பெடல் இறுகி நின்றது. அதற்கு ஓர் உவமை வந்தது. நல்லா இருக்குண்ணே என்றேன்.